மெரினாவில் மெட்டல் டிடெக்டரோடு திரியும் தம்பி தங்கைகளுக்கு

காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை, காந்தி சிலைக்குப் பின்னால் இருக்கிற மணலில், ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டரோடு ஆறு பேர் நின்றீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன், என் கையிலும் அதே சாமான்தான் இருந்தது. அதனால் "பெருசு அட்வைஸ் பண்ண வந்துட்டாரு" என்று இங்கேயே மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். பதினொரு வருஷமாக இந்த மணலில் குனிந்து நிமிர்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்ட ஆள் நான். பொழுதுபோக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான், அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும்போது மணி ஐந்தே முக்கால் இருக்கும். அதற்கு முன்னாலேயே, நாலரைக்கே, ஏழெட்டுப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள், கவனித்தீர்களா? சல்லடை, ஒரு தகரத் துண்டு, முந்தானையில் முடிச்சு, அதுதான் அவர்களுடைய மெஷின். முந்தின நாள் ராட்டினம் எங்கே நின்றது, பஜ்ஜிக் கடைகள் எந்த வரிசையில் இருந்தன, ஜனங்கள் எந்த இடத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து காசு எடுத்திருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாநகராட்சியின் மணல் சலிக்கும் வண்டி வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும், ஏனென்றால் வண்டி வந்து வாரிக்கொண்டு போனால் காசும் போச்சு, கொலுசும் போச்சு, எல்லாம் குப்பையோடு குப்பை. வருஷத்தில் அவர்களுக்கு நல்ல வசூல் என்று இருப்பதே இந்த மாதிரி நாலைந்து காலைகள்தான்.

உங்களில் நீலச் சட்டை போட்டிருந்த தம்பி, அதில் ஓர் அக்காவின் சல்லடைக்கு முன்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மெஷினின் காயிலை (அடியில் இருக்கிற வட்டத்தை) இரண்டு தடவை வீசி, ஒரு வெள்ளிக் கொலுசைத் தோண்டி எடுத்தீர்கள். எடுத்ததும் ஒரு கூச்சல், உடனே வீடியோ. அந்த அக்கா உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சல்லடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனதும்தான் சொன்னார், "நான் அந்த எடத்துக்கு இன்னும் ரெண்டு கூடைல வந்திருப்பேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

பீச் எல்லோருக்கும் பொதுதானே என்பீர்கள். சரி, பொதுதான். தெருக்குழாயும் பொதுதான், ஆனால் வரிசையில் ஒரு குடம் வைத்திருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு நம் குடத்தை வைக்க மாட்டோம். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சலித்து முடித்து எழுந்து போகட்டும், ஒன்பது மணிக்கு மேல் நாம் இறங்கலாம். சல்லடைக்கு எட்டாத ஆழத்தில் இருப்பது நமக்கு அப்போதும் இருக்கும்.

இன்னொன்று, உங்களில் பாதிப் பேர் புதையல் கனவோடு வந்திருப்பது முகத்திலேயே தெரிகிறது. வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர் ரோமானியக் காசு எடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். மெரினாவில் அது நடக்காது, ஏன் என்று சொல்கிறேன். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் சுவர் நீட்டிய பிறகுதான் இந்த மணலே வந்து சேர்ந்தது. நம் கரையோரமாக வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே துறைமுகச் சுவர் வந்ததும் தெற்குப் பக்கம் தேங்கிவிட்டது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது, அதனால்தான் அங்கே பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் இதற்கு மெரினா என்று பெயர் வைத்தபோது இந்த அகலத்தில் பாதிகூட இருந்திருக்காது. நீங்கள் நின்று தோண்டிய இடத்தில் 150 வருஷத்துக்கு முன் அலை அடித்துக்கொண்டிருந்தது. அங்கே பல்லவன் காசைத் தொலைத்திருக்க வேண்டுமென்றால் நீந்திக்கொண்டேதான் தொலைத்திருக்க வேண்டும்.

அங்கே கிடைப்பதெல்லாம் நம் வீட்டுச் சாமான்தான். எனக்குக் கிடைத்ததில் பழசு என்றால் ஓரம் பூப்போல வளைந்த அலுமினியப் பத்துப் பைசா, அதுவும் உப்பு தின்று அப்பளம் மாதிரி நொறுங்குகிற நிலையில். அப்புறம் 25 பைசா நிறைய. 2011 ஜூன் 30-க்குப் பிறகு அது செல்லாது, கோயில் உண்டியலுக்குக்கூட ஆகாது. பாக்கி எல்லாம் சோடா மூடி, ஊக்கு, ஹேர்பின், பிள்ளையார் சிலை கரைத்த இடத்தில் கட்டுக்கம்பியும் ஆணியும், வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டு. இந்த ஈயக்குண்டு இருக்கிறதே, மெஷினில் தங்க மோதிரம் மாதிரியே நம்பர் காட்டி நெஞ்சை ஒரு நிமிஷம் நிறுத்திவிடும். எடுத்தவுடன் கடலில் வீசாதீர்கள். நொச்சிக்குப்பத்தில் வலை சீர் செய்துகொண்டிருப்பவர்களிடம் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

மெஷின் வாங்கின கதையையும் பேசிவிடலாம். உங்களில் ஒருவர் ஈர மணலில் இறங்கினதும் மெஷின் ஓயாமல் கத்தியது, பழுது என்று நினைத்து அடித்துக்கூடப் பார்த்தீர்கள். பழுது இல்லை தம்பி. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஒரே அலைவரிசையில் வேலை செய்கிற சின்ன மெஷினுக்கு ஈர மணலே ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரி தெரியும். அதோடு நம் கரையில் அங்கங்கே கறுப்பு மணல் வரி வரியாகக் கிடக்கும், இல்மனைட்டும் மேக்னடைட்டும் கலந்தது, காந்தத்தைக் காட்டினால் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் குழப்பும். நான் டிவி, ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கிறவன். ரிச்சி தெருவில் உதிரி வாங்கி, பிளாஸ்டிக் பக்கெட்டைச் சுற்றி இருபத்தாறு சுற்று வார்னிஷ் கம்பியில் காயில் கட்டி, பல்ஸ் வகை மெஷின் ஒன்று நானே செய்துகொண்டேன். காயிலுக்குள் மின்சாரத்தைச் சட்டென்று விட்டுச் சட்டென்று நிறுத்தும், நிறுத்தின பிறகு மண்ணுக்குள் ஏதாவது உலோகம் இருந்தால் அதில் ஒரு மின்சாரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த எதிரொலியைக் கேட்டு டொய்ங் என்று சொல்லும். உப்பு அதை அவ்வளவாக ஏமாற்றாது. ஒரே தொல்லை, அதற்கு ஆணியும் ஒன்றுதான் அட்டிகையும் ஒன்றுதான், எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட இந்த மாதிரி ஒரு கருவியோடு போய்த் தோற்றார், மெத்தைக்குள் இருந்த கம்பிச் சுருள் குழப்பிவிட்டதாகச் சொல்வார்கள். அவருக்கே அப்படி என்றால் நமக்குச் சோடா மூடி கிடைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்கிறேன்.

ஏழு வருஷம் இருக்கும். எலியட்ஸ் பீச்சில், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு வடக்கே, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. ஆண் மோதிரம். உள்பக்கம் இரண்டு எழுத்தும் ஒரு தேதியும் வெட்டியிருந்தது. யாருடைய கல்யாண மோதிரமோ என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். மறுநாள் அடகுக் கடையில் எடை போட்டேன். மூன்று கிராம் எண்ணூறு மில்லி, அரை சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் "பில் இருக்கா?" என்றார். இல்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் விற்காமல் திரும்பி வந்தேன், நல்ல மனசினால் அல்ல. பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. ரெசிஸ்டர் போட்டு வைக்கிற டப்பாவில் மோதிரத்தைப் போட்டு மூடினேன். 27 நாள் அங்கே கிடந்தது.

என் மனைவி ஏதோ தேடப் போய் டப்பாவைத் திறந்து, "இது யாரோடது?" என்று கேட்டாள். "கெடச்சுது" என்றேன். "அதத்தான் கேக்கறேன், யாரோடது?" என்று திரும்பவும் அதையே கேட்டாள்.

அடுத்த நாள் காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன், நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கும் நாளைக்கு வாங்க என்றார்கள். மூன்றாம் நாள் அலுத்துப்போய், மோதிரம் கிடைத்த இடத்துக்கு நேர் மேலே சுண்டல் விற்கிற பெரியவரிடம் சும்மா விசாரித்தேன். அவர் அசையாமல் போனை எடுத்து, "மோதிரம் பார்ட்டியா? நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார். அத்தனை நாளும் அந்த நம்பர் நான் தோண்டின குழியிலிருந்து முப்பதடி தூரத்தில் அவருடைய போனில் இருந்திருக்கிறது! ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்த ஆள் ஆபீஸ் பையோடு ஓடி வந்தார். விரலில் ஒரு மோதிரம் ஏற்கெனவே இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கவரிங் சார், வீட்ல தெரியக்கூடாதுன்னு" என்றார். கழற்றின இடத்தில் விரலைச் சுற்றிப் பச்சையாகக் கறை. இத்தனை நாள் வீட்டில் கையை மறைத்து மறைத்துச் சாப்பிட்டிருக்கிறார். பணம் கொடுக்க வந்தார். வாங்கவில்லை. வாங்குகிற மூஞ்சியும் எனக்கு அன்றைக்கு இல்லை.

பிற்பாடு ஒரு வக்கீல் நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். 1860-ல் எழுதின இந்தியத் தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவில் உதாரணமாகவே இந்த மோதிரக் கதை இருக்கிறதாம். ஒருவன் விலை உயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுக்கிறான், யாருடையது என்று தெரியாது, சொந்தக்காரரைத் தேடாமல் உடனே விற்கிறான், அவன் குற்றவாளி. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவு. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தால் குற்றம் இல்லை. நியாயமான அளவுக்குத் தேடிப் பார்க்காமல் நம்முடையதாக்கிக்கொண்டால்தான் குற்றம். "கண்டெடுத்தவனுக்கே சொந்தம்" என்பது பள்ளிக்கூடத்து விளையாட்டில் செல்லும், நீங்கள் வீடியோவுக்குத் தலைப்பாக வைத்தால் நீங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நிஜமாகவே பழங்காலப் பொருள் கிடைத்தால் அதற்கு 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் தனியாக இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!

அதனால்தான் நான் இப்போதெல்லாம் சும்மா போய்த் தோண்டுவதைவிட, தொலைத்தவர் கூப்பிட்டால் போகிறேன். இதில் இருக்கிற ருசி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தொலைத்தவரிடம் முதலில் சொல்வது, "அங்கேயே நில்லுங்க, செருப்பைக் கழற்றி அடையாளம் வையுங்க, காலால் மணலைக் கிளறாதீங்க." மறுநாள் கூப்பிடுகிறார்கள் என்றால் அன்றைக்கு எடுத்த போட்டோவை அனுப்பச் சொல்வேன். பின்னால் கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் தெரிகிறது, எந்த வண்டிக்கடையின் போர்டு, நிழல் எவ்வளவு நீளம், இதை வைத்தே நின்ற இடத்தைப் பத்தடிக்குள் கொண்டுவந்துவிடலாம். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். காய்ந்த மணலில் விழுந்தால் விழுந்த இடத்தில்தான் இருக்கும், மிதிபட்டுக் கொஞ்சம் இறங்கும். அலை வந்து போகிற ஈரத்தில் விழுந்தால் ஒவ்வோர் அலைக்கும் காலடி மணல் இளகும், அது இறங்கிக்கொண்டே போகும், நாள் கடத்தினால் கைக்கு எட்டாது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றில் கடல் கரையை அரிக்கும்போது சில சமயம் மேலே வரும். கம்மல் திருகாணி தொலைந்தது என்று கூப்பிடுவார்கள். அது மட்டும் என்னால் ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் எல்லோரும் கண் கலங்கிக் கைகூப்புவார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பக்கம் ஒரு தடவை இரண்டடி ஆழத்தில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிடைத்தது. நம் வழக்கப்படி பெயர் வெட்டியது, கல்யாணச் சீர் போலிருக்கிறது. 2004 சுனாமி அந்தக் குப்பத்தை என்ன செய்தது என்று தெரியும், மனசு எங்கெங்கோ போயிற்று. டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கூட்டுது இல்ல. ஆனா குட்த்துட்டுப் போ, டீ குடிக்க ஆவும்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

சிலவற்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். அமாவாசை தர்ப்பணமும் அஸ்தி கரைப்பதும் நடக்கிற இடத்தில் கிடக்கிற செப்புக் காசு, சொம்பு, துளித் தங்கம், அதெல்லாம் யாரும் தொலைத்ததில்லை, விட்டுவிட்டுப் போனது. தாயத்து கிடைத்தால் அதைக் கத்தியால் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வீடியோ போடுகிறீர்களே, யார் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டினதோ, எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மாமல்லபுரத்தில் வண்டியிலிருந்து மெஷினை இறக்காதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். அங்கே மண்ணுக்குள் ஒரு காசு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, பிடுங்கி எடுத்தால் வெறும் காசுதான் மிஞ்சும். நீளமாக, கனமாக, கூம்பு மாதிரி இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் அது வெடிக்காத பழைய குண்டாக இருக்கலாம், தோண்டுவதை நிறுத்திவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரரின் எம்டன் போர்க்கப்பல் சுட்டது இந்த ஊரைத்தான், அதற்கப்புறம்தான் கெட்டிக்கார ஆளை எம்டன் என்று சொல்லும் வழக்கமே நமக்கு வந்தது. நீங்கள் அங்கே எம்டனாக வேண்டாம்.

அப்புறம் ஆமை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் ராத்திரியில் மெஷின் வேண்டவே வேண்டாம். பங்குனி ஆமை கரையேறி, அலை எட்டாத மேட்டில், ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் மண்வெட்டி அங்கே இறங்கினால் என்ன ஆகும்? நெற்றியில் கட்டின டார்ச் வெளிச்சத்துக்குத் தாய் ஆமை பயந்து திரும்பிப் போகும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தைப் பார்த்து வரும். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். போன மாசி மாதம் அவர்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "அங்கிள், குழி தோண்டினா மூடிட்டுப் போங்க, குஞ்சு விழுந்தா ஏற முடியாது" என்றாள். அது நான் தோண்டின குழி இல்லை, உங்களில் யாரோ. ஆனால் மெஷின் வைத்திருந்ததால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குழியை மூடுங்கள் சாமி, மணலுக்கு என்ன பஞ்சம்.

போலீஸ்காரர் வந்து கேட்டால் முறைக்காமல் பதில் சொல்லுங்கள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இன்னும் என்னை "சார், ஏதாவது பாமா?" என்றுதான் கேட்கிறார்கள், சீருடைக்காரருக்குச் சந்தேகம் வராதா? எடுத்த சாமானையும் எடுத்த நாளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். என் நோட்டு மூன்றாவது நடக்கிறது.

சரி, சல்லடை அக்காவுக்குத் திரும்ப வருகிறேன். அவருக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசு எஃகு என்பதால் காந்தத்தில் ஒட்டும், சலிக்கிற வேலை பாதியாகக் குறைந்தது என்கிறார். நான் தோண்டுகிற ஆணி, மூடி, கம்பி எல்லாம் ஒரு கோணிப்பையில் சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுவேன், காயலான் கடையில் எடைக்குப் போடுவார். உங்களிடமும் அப்படி ஒரு பை இருக்கட்டும்.

அந்த அக்காவின் தாலிக் குண்டு ஒன்று போன ஆடியில் அறுந்து விழுந்துவிட்டது, உழைப்பாளர் சிலைக்கு நேரே, மீன் வறுக்கிற கடைகளுக்குப் பின்னால். ஊரார் தொலைத்ததை முப்பது வருஷமாகச் சலித்து எடுக்கிறவருக்குத் தன்னுடையது அகப்படவில்லை. பட்டாணி அளவு, உள்ளே கூடு, என் மெஷினுக்கு இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் கேட்காது. உங்களிடம் இருக்கிற புது மெஷின்கள் இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகக் கேட்கும். நான் கயிறு கட்டிக் கட்டம் போட்டு நாலு கட்டம் முடித்திருக்கிறேன், இன்னும் பதினாறு பாக்கி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன். நீலச் சட்டை தம்பி, நீங்கள் அவசியம் வாருங்கள்.